கிராக் இல்லாமல் ஃபிக்ஸ்சர் டிசைன்: கொழிஞ்சாம்பாறையிலிருந்து

பாலக்காடு பக்கம் வீட்டிலிருந்தே கஞ்சிக்கோடு, கோயம்புத்தூர் பட்டறைகளுக்கு ஜிக், ஃபிக்ஸ்சர் (மெஷினில் வேலைப்பொருளை அசையாமல் பிடிக்கவும் கருவிக்கு வழிகாட்டவும் உதவும் சாதனங்கள்) கம்ப்யூட்டரில் வரைந்து கொடுக்கிறேன். தனி ஆள் தொழில். கிராக் (பூட்டை உடைத்த திருட்டு சாஃப்ட்வேர்) போடாமல் எப்படி ஓட்டுறீங்க என்று பலர் கேட்டுவிட்டார்கள்.

இலவசம் என்றதும் இறங்கிவிடாதீர்கள், நிபந்தனையைப் படியுங்கள். 3டி மாடல் வரையும் சாஃப்ட்வேரான ஃப்யூஷனின் பெர்சனல் லைசென்ஸ் காசில்லாமல் கிடைக்கும், ஆனால் ஒரே சமயத்தில் திருத்த முடிகிற ஃபைல் 10தான், வருட வருமானத்துக்கும் 1,000 டாலர் வரம்பு. பொழுதுபோக்குக்கு அருமை, பில் போடுகிறவனுக்கு ஆகாது. பிரவுசரிலேயே வரையும் ஆன்ஷேப்பின் இலவசக் கணக்கில் வரைந்ததெல்லாம் ஊர் பார்க்கக் கிடக்கும். கஸ்டமர் டிராயிங்கை அப்படி விட முடியுமா? இதே வகை சாஃப்ட்வேரான சாலிட் எட்ஜின் இலவச கம்யூனிட்டி பதிப்பும் தொழிலுக்கு இல்லை. தம்பியின் காலேஜ் மெயிலில் மாணவர் லைசென்ஸ் வாங்கிப் பட்டறைக்கு வரைவதும், என் கணக்கில், கிராக்தான்.

கடைசியில் தங்கியது ஃப்ரீகேட் என்ற இலவச, ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேரில். சம்பாதிக்கவும் தடையில்லை. முன்பெல்லாம் பழைய ஸ்கெட்ச்சில் (மாடலுக்கு அடிப்படையான 2டி கோட்டுப்படம்) ஒரு ஹோல் கூடுதலாகப் போட்டால் போதும், உள்ளே முகங்களுக்கு இருக்கும் நம்பர் மாறி, மூலையில் கொடுத்த ஃபில்லெட் (வளைவு) வேறு விளிம்புக்குத் தாவிவிடும், இல்லையென்றால் மாடலே பிழை காட்டிச் சிவப்பாகி நிற்கும். 2024 நவம்பரில் 1.0 வந்தபின் இந்தத் தொல்லை நன்றாகவே குறைந்தது, அடியோடு போகவில்லை. அதனால் ஸ்கெட்ச்சை முகத்தில் ஒட்டாமல் டேட்டம் பிளேனில் (மாடலின் முகங்களைச் சாராத கற்பனைத் தளம்) வைக்கிறேன், ஃபில்லெட், சாம்ஃபர் (சரிவாக வெட்டிய விளிம்பு) எல்லாம் கடைசியில்தான். எல்லா சாஃப்ட்வேரும் படிக்கும் ஸ்டெப் ஃபைலாக அனுப்பினால் விஎம்சி (கம்ப்யூட்டர் ஓட்டும் மில்லிங் மெஷின்) ஓட்டுகிறவர் மறுபேச்சு இல்லாமல் வாங்கிக்கொள்கிறார்.

தலைவலி ஆட்டோகேடின் டிராயிங் ஃபைலான டிடபிள்யூஜிதான். ஃபைலை மாற்றிக் கொடுக்கும் ஓடிஏ கன்வெர்ட்டரைத் தனியாகப் போட்டு ஃப்ரீகேடில் திறக்கலாம், ஆனால் அளவு எழுத்துகள் அங்கங்கே இடம் மாறி நிற்கும். கஸ்டமர் அதே ஃபைலில் திருத்திக் கேட்டால் ஆட்டோகேடுக்கு ஃப்ளெக்ஸ் டோக்கன் (முன்கூட்டியே வாங்கி வைத்து, பயன்படுத்தும் நாளுக்குக் கழிப்பது): திறந்த 24 மணி நேரத்துக்கு மட்டும் கழியும், மாதச் சந்தா வேண்டாம். திருத்தங்களைச் சேர்த்து வைத்து ஒரே நாளில் முடித்துவிடுவேன். வாங்கிய டோக்கன் ஒரு வருடத்தில் காலாவதியாகும், அளவாக வாங்குங்கள். அந்தச் செலவை எஸ்டிமேட்டிலேயே சேர்த்துவிடுகிறேன், இதுவரை யாரும் பேரம் பேசவில்லை.

பல பாகங்கள் சேர்ந்த பெரிய அசெம்ப்ளி வந்தால் ஃப்ரீகேட் திணறுகிறது. அந்த வேலையை காசு கொடுத்து வாங்கும் சாலிட்வொர்க்ஸ் சாஃப்ட்வேரின் லைசென்ஸ் வைத்திருக்கும் கோயம்புத்தூர் நண்பருக்குத் தள்ளிவிடுகிறேன். அவர் சின்ன பிளேட் வேலைகளை இந்தப் பக்கம் தள்ளிவிடுகிறார்.