ஃபிடில்ஹெட்: புதியதா, உறைந்த பொதியா?

கனடாக் கடைகளில் ஏப்ரல் கடைசியிலிருந்து சில வாரம்தான் புதிய ஃபிடில்ஹெட் கிடைக்கும். வெள்ளம் வடிந்த ஆற்றோரத் தாழ்நிலத்தில், பால்சம் பாப்லரும் வெள்ளி மேப்பிளும் இலைவிட்டு நிழல் மூடுவதற்குள் முளைத்துவிடும் நெருப்புக்கோழிப் பெரணியின் சுருள் தளிர் இது. பெரும்பாலும் காட்டில் பறித்தது என்பதால் தரம் பெட்டிக்குப் பெட்டி மாறும்.

நீங்களே பொறுக்கி எடுக்கவிடும் கடைதான் நல்லது. சுருள் இறுக்கமாக, நல்ல பச்சையாக, இரண்டு டாலர் நாணய அளவில் இருக்கட்டும். அவிழத் தொடங்கியதைத் தள்ளுங்கள். தண்டைத் திருப்பிப் பாருங்கள்: உட்பக்கம் சலரித் தண்டில் உள்ளதுபோல் ஆழமான பள்ளம் ஓடும், சுருளில் காகிதம் போன்ற பழுப்புச் செதில் ஒட்டியிருக்கும். பள்ளமில்லாமல் பஞ்சு படர்ந்திருந்தால் அது வேறு பெரணி, தொடவே வேண்டாம்.

செதிலை நனைக்கும் முன்பே நீக்க வேண்டும். பையில் போட்டுக் குலுக்கினால் உதிரும்; ஈரம் பட்டால் சுருளுக்குள் அப்பிக்கொள்ளும். பிறகு இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, கறுத்த தண்டு நுனியை நறுக்கிவிடுங்கள்.

நம் சமையலில் தவறு நடப்பது இங்கேதான். பயத்தங்காய் மாதிரி நேரே தாச்சியில் போட்டு வறை செய்தால் போதாது. அரைவேக்காட்டில் தின்றவர்களுக்கு அரை மணியிலிருந்து 12 மணி நேரத்துக்குள் வாந்தியும் வயிற்றோட்டமும் வந்திருக்கின்றன. காரணமான நச்சு எது என்று இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. கனடா சுகாதாரத் துறை சொல்வது: கொதிநீரில் 15 நிமிடம், ஆவியில் என்றால் 10 முதல் 12 நிமிடம். பழுப்பான அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், ரசத்துக்கோ சூப்புக்கோ எடுக்க வேண்டாம். அதன் பின் கடுகு, செத்தல் மிளகாய், தேங்காய்ப்பூ சேர்த்து இரண்டு நிமிடம் பிரட்டினால் அஸ்பாரகஸும் பயத்தங்காயும் கலந்த சுவை.

உறைந்த பொதி ஆண்டு முழுவதும் கிடைக்கும், செதில் தொல்லை குறைவு. ஆனால் வெந்ததும் குழைகிறது; வறைக்குச் சரிவராது, பருப்பில் போட ஏற்றது. லேசாக அவித்து உறைய வைத்த பொருள்தான் அது, முழுதாக வெந்ததல்ல. இதற்கும் அதே 15 நிமிடம் வேண்டும். வேகும் நேரத்தைப் பெரிதாக அச்சிடாத பொதிக்கு நாங்கள் மதிப்பெண் குறைக்கிறோம்.

வறைக்குப் புதியதையே வாங்குங்கள், இரண்டு மூன்று நாளுக்குள் சமைத்துவிடுங்கள். தண்டின் அடியில் கறுத்த கிழங்குத் துண்டு ஒட்டியிருந்தால் வெட்டாமல் பிடுங்கி எடுத்திருக்கிறார்கள். ஒரு கிழங்கில் பாதித் தளிரையாவது விட்டால்தான் அடுத்த வசந்தத்தில் செழிப்பாக முளைக்கும். அப்படிப் பிடுங்கிய சரக்கை விற்கும் கடையில் வாங்காதீர்கள்.