ஹை ஃப்ளோவா, பைபாப்பா? காரைக்குடியிலிருந்து ஒரு கணக்கு

மாஸ்க்கில் நிமிடத்துக்கு 10 லிட்டர் ஆக்சிஜன் வைத்தும் சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் சதவீதம்) 90-ஐத் தாண்டவில்லை. அடுத்து ஹை ஃப்ளோவா, பைபாப்பா, எந்த மெஷின் என்று கேட்கும் முன் ஏபிஜி (தமனி ரத்தத்தில் வாயு அளவுகளைப் பார்க்கும் சோதனை) எடுத்துவிடுங்கள். பாதி பதில் அதிலேயே இருக்கிறது.

காலமெல்லாம் விறகடுப்புப் புகையில் நின்ற ஆச்சிக்கு சிஓபிடி, அதாவது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். ஏபிஜியில் பிஎச் 7.28-க்கு இறங்கி, கார்பன் டை ஆக்சைடு 70-க்கு ஏறியிருந்தால் பேச்சே இல்லை, மாஸ்க் வழியே அழுத்தத்தோடு மூச்சுக்குத் துணை தரும் பைபாப்தான். நுரையீரலில் நீர் கோத்த இதய நோயாளிக்கும் இதுவே கைகொடுக்கும். ஐபாப் (மூச்சு இழுக்கும்போது அழுத்தம்) 10, ஈபாப் (விடும்போது அழுத்தம்) 5-இல் தொடங்கி, ஐபாப்பை இரண்டிரண்டாக ஏற்றலாம். 20-ஐத் தாண்டினால் வயிறு உப்பத் தொடங்கும். ஆச்சிக்கு சாச்சுரேஷன் 88–92 போதும், 98 வரவேண்டும் என்று ஆக்சிஜனைக் கூட்டக் கூடாது. 1 மணி நேரத்தில் மறுபடி ஏபிஜி.

பைபாப் கெட்டுப்போவது பெரும்பாலும் மாஸ்க்கில்தான். ஒற்றைக் குழாய் மெஷினில் காற்று வெளியேறும் துளை மாஸ்க்கிலோ குழாயிலோ கட்டாயம் இருக்க வேண்டும். இல்லையென்றால் விட்ட மூச்சையே திரும்ப இழுப்பார். கார்பன் ஏறும், நாமோ பிரஷரைத் திருகிக்கொண்டிருப்போம். பட்டைக்கு அடியில் இரண்டு விரல் நுழையட்டும், இறுக்கினால் மூக்குத்தண்டு புண்ணாகிவிடும்.

கார்பன் ஏறாமல் ஆக்சிஜன் மட்டும் விழுகிற நிமோனியாவுக்கு ஹை ஃப்ளோ, அதாவது மூக்குக்குழாய் வழியே வேகமாக ஆக்சிஜன் கொடுக்கும் மெஷின். 37 டிகிரிச் சூட்டில், ஈரத்தோடு, நிமிடத்துக்கு 60 லிட்டர் வரை. மூக்குக்குழாய் நாசித்துளையில் பாதிக்கு மேல் அடைக்கக் கூடாது. ஆள் பேசலாம், சளியைத் துப்பலாம். பிரான்ஸ், பெல்ஜியத்தில் 310 பேரிடம் நடந்து 2015-இல் வெளியான ஃப்ளொராலி ஆய்வில் 90 நாள் இறப்பு ஹை ஃப்ளோவில் குறைவு. ஆனால் மூச்சுக்குழாயில் டியூப் போடும் தேவையில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை.

அந்தச் சுகமே ஆபத்தும்கூட. ஆள் அமைதியாகத் தெரிவார், டியூப் போடும் நேரம் தள்ளிப்போகும். அதற்குத்தான் ஹை ஃப்ளோ பலிக்கிறதா என்று காட்டும் ராக்ஸ் கணக்கு: சாச்சுரேஷன் 92, கொடுக்கும் ஆக்சிஜன் 60 சதம், நிமிடத்துக்கு மூச்சு 30 என்றால், 92-ஐ 0.6-ஆல் வகுத்து, வந்ததை 30-ஆல் வகுக்க 5.1 வரும். 4.88-க்கு மேல் இருந்தால் நிம்மதி. 6 மணி நேரத்தில் 3.47-க்குக் கீழே விழுந்தால் இனிப் பொறுப்பதில் அர்த்தமில்லை.

நம்மூரில் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: சிலிண்டர். டி டைப்பில் சுமார் 7000 லிட்டர். 100 சதத்தில் 60 லிட்டர் ஓடினால் 116 நிமிடம், அவ்வளவுதான். பைபாப்பில் 10 லிட்டர் இணைத்தால் அதே சிலிண்டர் பதினொன்றரை மணி நேரத்துக்கு மேல் தாங்கும். ஆளை அனுப்ப வேண்டிய மதுரையோ 90 கிலோமீட்டர். ராக்ஸ் சரிகிற ஆளை ஹை ஃப்ளோவோடு ஆம்புலன்சில் ஏற்றிவிட்டு, வழியில் மேலூர் பக்கம் வண்டியை நிறுத்தி டியூப் போடத் திணறுவதைவிட, காரைக்குடியிலேயே போட்டு அனுப்புங்கள்.