டர்பனா, செயின்ட் லூசியாவா?

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் கடற்கரையைப் பார்க்க ஒரே நாள்தான் இருக்கிறதென்றால், தயங்காமல் டர்பனுக்குப் போங்கள். 1860 நவம்பர் 16 அன்று, கரும்புத் தோட்டங்களுக்கான ஒப்பந்தத் தொழிலாளர்களோடு சென்னையிலிருந்து வந்த ‘ட்ரூரோ’ கப்பல் சேர்ந்த துறைமுகம் அது. 1894-இல் காந்தி நட்டால் இந்தியக் காங்கிரசைத் தொடங்கியதும் அங்கேதான். பக்கத்து இனாண்டாவில், ஆப்பிரிக்க தேசியக் காங்கிரசின் முதல் தலைவர் ஜான் டூபே நிறுவிய பள்ளியில், 1994-இல் மண்டேலா தம் வாழ்வின் முதல் வாக்கைப் போட்டார். அன்று டூபேயின் கல்லறைக்கும் போய் நின்றார். எனக்கு அந்த இடம் கோயில் மாதிரி.

இயற்கைதான் வேண்டுமென்றால் வடக்கே செயின்ட் லூசியா. கழிமுகம் முழுக்க முதலைகள், அலையாத்தி மரங்கள். இருட்டியபின் நீர்யானைகள் ஊருக்குள்ளேயே வந்து வீட்டோரப் புல்லை மேய்கின்றன. இரவில் தனியாக நடக்காதீர்கள். 1999 முதல் இப்பகுதி உலகப் பாரம்பரியக் களம்.