குழந்தைக்கு ஹெர்னியா அறுவை: முதுகடி ஊசியா, நரம்பு மரப்பு ஊசியா, ஃபென்டனில் மட்டுமா?

மூன்று வயதுக் குழந்தையின் ஒரு பக்க ஹெர்னியா (தொடை இடுக்கில் பிதுங்கும் குடலிறக்கம்) அறுவை பெரும்பாலும் அன்றே வீடு திரும்பக்கூடியது. முழு மயக்கம் எப்படியும் உண்டு. அதோடு வலித்தடுப்பாக எதைச் சேர்ப்பது என்பதில்தான் மருத்துவர்கள் வேறுபடுகிறார்கள்.

வீரியமிக்க வலிநிவாரணியான ஃபென்டனிலைச் சிரை வழியே கொடுப்பது எளிது. ஆனால் அதன் வலித்தணிப்பு விரைவில் குறைந்துவிடும். வாந்தியும் மூச்சு மந்தமும் மீட்பறையில் காத்திருப்பை நீட்டிக்கும்.

முதுகடி ஊசி என்பது வால் எலும்புக்குச் சற்று மேலே போடப்படும் காடல் ஊசி; அதில், பொதுவாக 0.25 விழுக்காடு பூபிவகெய்ன் என்ற மரப்பு மருந்து எடைக்கேற்பச் செலுத்தப்படுகிறது. தொப்புளுக்குக் கீழே இரு பக்கமும் சுமார் 4 முதல் 6 மணி நேரம் மரத்திருக்கும். சிறு குழந்தைகளிடம் இடத்தைக் கண்டறிவதும் எளிது. ஆனால் ஓடியாடும் வயதில் கால்கள் சிறிது நேரம் வலுவிழந்திருப்பது, வலியைவிட அதிகமாகக் குழந்தையை மிரட்டிவிடுகிறது. சிறுநீர் கழிப்பதும் தாமதமாகலாம்.

அல்ட்ராசவுண்ட் திரையில் பார்த்து, இடுப்பெலும்பை ஒட்டிய தசையடுக்குகளுக்கு இடையே தொடை இடுக்குக்குச் செல்லும் இலியோ இங்குவினல் நரம்புகளை மரக்கச் செய்யும் நரம்பு மரப்பு ஊசிக்குக் குறைந்த மருந்தே போதும். மறு காலுக்கு எதுவும் ஆகாது. ஹெர்னியா பையை இழுக்கும்போது எழும் உள்வலியை மட்டும் இது தடுக்காது என்பதால், அந்த நிமிடங்களுக்கு மயக்கத்தைச் சற்று ஆழப்படுத்த வேண்டியிருக்கும்.

மயக்கம் தெளியும்போது தாயைக்கூட அடையாளம் காணாமல் அலறும் கலக்கம், செவோஃப்ளூரேன் என்ற மயக்க வாயுவுக்குப் பிறகு 2 முதல் 5 வயதினரிடம் மிகுதி. கத்தி படாத எம்ஆர்ஐ பரிசோதனைக்குப் பிறகும் அது வருவதால், எந்த மரப்பு ஊசியாலும் அதை முற்றிலும் நீக்க முடியாது. ஆயினும் மரப்பு நன்றாகப் பிடித்திருந்தால், அழுகைக்குக் காரணம் வலியல்ல என்று மருத்துவர் பெருமளவு நம்பலாம். ஃபென்டனில் மட்டும் கொடுத்த குழந்தையிடம் அந்தத் தெளிவு கிடைப்பதில்லை. என் கணக்கில் இதுவே மரப்பு ஊசியின் பெரிய ஆதாயம்.

மயக்கத்திலிருக்கும் குழந்தையின் நரம்பருகே ஊசி போடலாமா என்ற அச்சத்துக்கு, அமெரிக்க மருத்துவமனைகளில் போடப்பட்ட 1 லட்சத்துக்கும் மேற்பட்ட ஊசிகளை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வு பதில் தருகிறது: நிரந்தர நரம்புப் பாதிப்பு ஒன்றுகூடப் பதிவாகவில்லை.

ஆகவே ஒரு பக்க ஹெர்னியாவுக்கு, பழகிய கை இருந்தால், நரம்பு மரப்பையே தேர்வேன். கைக்குழந்தைக்கும் இரு பக்க அறுவைக்கும் காடல். ஃபென்டனில் மட்டும் என்பது, இரத்தம் உறையாத கோளாறோ ஊசியிடத்தில் தொற்றோ இருப்பவருக்கு. எந்த ஊசியானாலும், மரப்பு விலகும் முன்பே மருத்துவர் சொன்ன அளவில் பாராசிட்டமால் கொடுத்துவிட வேண்டும் என்பதைப் பெற்றோரிடம் எழுதித் தராவிட்டால், வலி வீட்டில் நள்ளிரவில்தான் தொடங்கும்.