தைராய்டு மாத்திரைக்கு மாற்று: எது எங்கே நிற்கிறது?

தைராய்டு குறைவுக்கு மாத்திரை இல்லாமல் வேறு வழி தேடுகிறவர்களை விவரம் தெரியாதவர்கள் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வராது. வாழ்நாள் முழுக்கத் தினமும் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை என்றால் யாருக்கும் அலுப்புதான். மாத்திரை எடுத்து, டிஎஸ்எச் (தைராய்டை வேலை செய்யத் தூண்டும் ஹார்மோன்; சுரப்பு குறைந்தால் இது ஏறும்) அளவும் சரியாக வந்த பிறகும் சோர்வு போகாதவர்கள் 100க்கு 5 முதல் 10 பேர் வரை இருக்கிறார்கள். அவர்கள் வேறு எதையாவது தேடத்தான் செய்வார்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே பேசுவது சுரப்பு குறைந்த நிலையைப் பற்றி மட்டும். சுரப்பு மிகுந்தவர்களுக்கு இதில் வரும் சில பொருட்கள் நேரடி ஆபத்து.

எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதையும் பார்த்துவிடலாம். தைராய்டு குறைவுக்கு வழக்கமாகத் தரும் லெவோதைராக்சின் மாத்திரையில் இருப்பது சுரப்பி தயாரிக்கும் அதே டி4 ஹார்மோன். வெளியில் செய்யப்பட்டது என்பதைத் தவிர வேறு வித்தியாசம் இல்லை. மைக்ரோகிராம் கணக்கில் அளவு தெரியும்; 6 முதல் 8 வாரத்தில் ரத்தம் பார்த்துக் கூட்டவோ குறைக்கவோ முடியும். ஒரு மாற்று வழி முன்னால் வந்தால் நான் கேட்பது இதைத்தான்: குறைந்துபோன ஹார்மோனை அது தருகிறதா? தருகிறது என்றால் எவ்வளவு?

அயோடினிலிருந்து தொடங்கலாம். அதிகம் பேர் நம்புவது அதைத்தான். தைராய்டு ஹார்மோன் செய்ய அயோடின் வேண்டும் என்பது உண்மை. அயோடின் பற்றாக்குறையால் வந்த குறைபாடு என்றால் அதற்கு அயோடின்தான் மருந்து, அதில் வாதமே இல்லை. ஆனால் அயோடின் கலந்த உப்பு கிடைக்கும் இடங்களில் தைராய்டு குறைவுக்கு முக்கியக் காரணம் ஹாஷிமோட்டோ. அதாவது, உடலின் எதிர்ப்பு சக்தியே சுரப்பியைத் தாக்கும் நோய். அங்கே குறைவது மூலப்பொருள் இல்லை, அதைப் பயன்படுத்தும் திசு. தறி உடைந்து கிடக்கும்போது நூலைக் கொண்டுவந்து குவிப்பதால் துணி வராது.

பயன் இல்லை என்பதோடு முடிந்தால் பரவாயில்லை. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவை 150 மைக்ரோகிராம். அமெரிக்கப் பரிந்துரைப்படி உச்ச வரம்பு 1,100. லூகால் என்ற அயோடின் கரைசலின் 5 சதவீத வகையில் ஒரே ஒரு சொட்டில் ஏறக்குறைய 6,000 மைக்ரோகிராம் இருக்கும். கெல்ப் கடற்பாசி மாத்திரைகளில் அளவு பொருளுக்குப் பொருள் பெரிதாக மாறும். திடீரென்று அயோடின் குவிந்தால் சுரப்பி ஹார்மோன் செய்வதையே தற்காலிகமாக நிறுத்திக்கொள்ளும். 1948-லேயே விவரிக்கப்பட்ட விஷயம் இது. நல்ல சுரப்பி சில நாட்களில் மீண்டுவிடும், ஹாஷிமோட்டோ வந்த சுரப்பிக்கு அது கஷ்டம். ஆக, குறைவைச் சரிசெய்ய எடுத்த பொருளே குறைவை அதிகமாக்கலாம். என் பட்டியலில் இதற்குக் கடைசி இடம்.

அசுவகந்தா, அதாவது அமுக்கரா, அப்படி முழுக்கத் தள்ளிவிடக் கூடியது இல்லை. 2018-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், டிஎஸ்எச் சற்றே உயர்ந்திருந்த 50 பேரில் ஒரு பாதிக்கு தினம் 600 மில்லிகிராம் வேர்ச்சாறு 8 வாரம் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு வெற்று மாத்திரை. வேர்ச்சாறு எடுத்தவர்களுக்கு அளவுகள் மேம்பட்டன. நல்ல செய்திதான். ஆனால் 50 பேர், 8 வாரம் என்பது வாழ்நாள் மருந்தை மாற்றிவைக்கப் போதுமான ஆதாரமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. இன்னொரு பக்கமும் இருக்கிறது. இதை எடுத்துத் தைராய்டு அளவு மிதமிஞ்சிப் போனவர்கள், கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. டென்மார்க் 2023-ல் இதைத் தடையே செய்தது. ஏற்கெனவே மாத்திரை எடுக்கிறவர் இதையும் சேர்த்தால், எது எவ்வளவு வேலை செய்கிறது என்று மருத்துவராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

இந்த இரண்டோடும் வைத்துப் பார்த்தால் செலினியம் கொஞ்சம் கௌரவமானது. ஹாஷிமோட்டோ உள்ளவர்கள் தினம் 200 மைக்ரோகிராம் எடுத்த பல ஆய்வுகளில் சுரப்பிக்கு எதிராக உடல் உருவாக்கும் ஆன்டிபாடியின் அளவு குறைந்திருக்கிறது. ஆன்டிபாடி எண் இறங்கினால் சோர்வு குறையும், மாத்திரை அளவு குறையும் என்பதற்குத்தான் உறுதியான சான்று இல்லை. சுரப்பு மிகுந்தவர்களுக்கு வரும் லேசான கண் பாதிப்பில் செலினியம் உதவியதாக 2011-ல் வந்த ஆய்வு நல்ல தரமானது, ஆனால் அது வேறு நோய். நாளுக்கு 400 மைக்ரோகிராமைத் தாண்டித் தொடர்ந்தால் முடி கொட்டும், நகம் உடையும். முடி கொட்டுகிறது என்றுதானே பலர் இதையெல்லாம் தேடவே ஆரம்பிக்கிறார்கள்!

அடுத்தது, பன்றியின் தைராய்டு சுரப்பியை உலர்த்திப் பொடித்துச் செய்யும் மாத்திரை. இதை மற்றவற்றோடு ஒரே கூடையில் போடக் கூடாது, ஏனென்றால் இது நிஜமாகவே ஹார்மோன் தருகிறது. 1891-ல் ஜார்ஜ் மர்ரே என்ற ஆங்கில மருத்துவர் ஆட்டுத் தைராய்டுச் சாற்றை ஒரு பெண்ணுக்கு ஊசியாகப் போட்டார். அந்தப் பெண் சிகிச்சையைத் தொடர்ந்துகொண்டு இன்னும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். தைராய்டு சிகிச்சையே அங்கிருந்துதான் தொடங்கியது. சிக்கல் விகிதத்தில் இருக்கிறது. மனிதச் சுரப்பி டி4, டி3 என்ற இரண்டு ஹார்மோன்களையும் சுமார் 14-க்கு 1 என்ற கணக்கில் விடுகிறது. பன்றிச் சுரப்பி மாத்திரையில் அது 4-க்கு 1. டி3 வேகமானது, எடுத்த சில மணி நேரத்தில் உச்சம் போய் இறங்கும். படபடப்பு வர அதுவே போதும். வயதானவர்களுக்கும் இதய நோய் உள்ளவர்களுக்கும் இது சின்ன விஷயம் இல்லை.

ஆனாலும் 2013-ல் 70 பேரிடம் நடந்த ஆய்வு யோசிக்க வைக்கிறது. எது எந்த மாத்திரை என்று சொல்லாமல் லெவோதைராக்சின், சுரப்பி மாத்திரை இரண்டையும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். வாழ்க்கைத் தர மதிப்பெண்ணில் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் ஏறக்குறைய பாதிப் பேர் சுரப்பி மாத்திரையே பிடித்திருந்தது என்றார்கள். எனவே சோர்வு போகாத ஒருவர் மருத்துவரிடம் டி3 சேர்ப்பது பற்றிக் கேட்பதில் தப்பே இல்லை. கேட்காமல் தானாக வாங்கிப் போடுவதுதான் தப்பு.

இதற்கு நேர் எதிரில் நிற்பவை தைராய்டுக்கு நல்லது என்று விற்கப்படும் மூலிகைக் கலவைக் குப்பிகள். சுரப்பி மாத்திரையில் ஹார்மோன் இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொல்கிறார்கள், இங்கே அதுவும் இல்லை. அமெரிக்காவில் இப்படிப்பட்ட 10 பொருட்களைப் பரிசோதித்து 2013-ல் வெளியிட்ட முடிவில், 9-ல் டி3-யும் 5-ல் டி4-ம் இருந்தன. மூலிகை வேலை செய்கிறது என்று சொன்னவர்களில் சிலர் தெரியாமலே ஹார்மோனை விழுங்கியிருக்கலாம்.

மற்றவற்றை வேகமாகத் தாண்டிவிடலாம். தேங்காய் எண்ணெய் தைராய்டைச் சரிசெய்யும் என்பதற்கு நம்பத்தக்க ஆய்வு கிடையாது. ஹோமியோபதியில் 30சி என்றால் 1-க்குப் பின் 60 பூஜ்யம் போட்ட அளவுக்கு நீர்த்தது. அதில் ஹார்மோன் இருக்க வழியில்லை. கோதுமையை விடுவது, கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயும் சேர்ந்து இருப்பவர்களுக்கு உண்மையிலேயே உதவும், ஏனென்றால் குடல் சரியானால் மாத்திரை நன்றாக உறிஞ்சப்படும். மற்றவர்களுக்கு அது வெறும் பத்தியம். யோகா தூக்கத்துக்கு நல்லது, தாராளமாகச் செய்யலாம், மாத்திரையோடு.

அப்படியானால் இத்தனை பேர் குணமானேன் என்கிறார்களே, பொய்யா? பெரும்பாலும் பொய் இல்லை. லேசாக உயர்ந்த டிஎஸ்எச் பலருக்கு ஒன்றுமே செய்யாமல் தானாக இறங்கிவிடும். பிரசவத்துக்குப் பின் வரும் தைராய்டு கோளாறும் பலருக்குச் சில மாதங்களில் சரியாகும். டிஎஸ்எச் அதிகாலையில் கூடுதலாகவும் பிற்பகலில் குறைவாகவும் இருக்கும். முதல் பரிசோதனை காலையிலும் அடுத்தது மதியமும் நடந்தால் அதுவே முன்னேற்றம் போலத் தெரியும். முடிக்காக எடுக்கும் பயோட்டின் என்ற வைட்டமின் இன்னும் மோசம், சில பரிசோதனை முறைகளில் டிஎஸ்எச் எண்ணைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். அதனால் பரிசோதனைக்கு 2 நாள் முன்பே அதை நிறுத்தச் சொல்கிறார்கள்.

மாத்திரையை விட்டும் நன்றாக இருக்கிறேன் என்பதற்கும் காரணம் உண்டு. டி4-ன் அளவு ரத்தத்தில் பாதியாகக் குறையவே சுமார் 7 நாள் ஆகும். அதனால் முதல் ஒன்றிரண்டு வாரம் ஒன்றும் தெரியாது. கர்ப்பிணிகள் இந்தச் சோதனையை நினைத்தும் பார்க்கக் கூடாது. தொடக்க மாதங்களில் கரு தாயின் ஹார்மோனை நம்பித்தான் வளர்கிறது, மாத்திரை அளவே அப்போது பொதுவாகக் கூட்ட வேண்டியிருக்கும்.

சரி, மாத்திரையோடும் சோர்வு போகாதவர் என்ன செய்வது? அசுவகந்தா குப்பியைத் திறப்பதற்கு முன் இரும்புச் சத்து, பி12, தூக்கத்தில் மூச்சுத் தடை ஆகியவற்றைப் பார்த்துவிடச் சொல்வேன். அப்புறம், மாத்திரை உள்ளே போகிறதா என்பதையும். காபியோடு விழுங்கினால் உறிஞ்சுவது குறையும். கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கும் இதற்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும். காலையில் அது ஒத்துவரவில்லை என்றால், இரவுச் சாப்பாடு முடிந்து 3 மணி நேரம் கழித்துப் படுக்கும் முன் எடுப்பதும் ஏற்றுக்கொள்ளப்பட்ட முறைதான். அப்படி மாற்றினால் 6 வாரம் கழித்து டிஎஸ்எச் பார்த்துக்கொள்ள வேண்டும்.