கத்தியின் வாய் பெயர்ந்தால்: வாரண்டியா, சாணையா, கல்லா, பட்டறையா?

நல்ல விலை கொடுத்து வாங்கிய சமையல் கத்தியில் ஒரு சில் பெயர்ந்துவிட்டால் பலருக்கும் முதலில் வரும் நினைப்பு, "வாழ்நாள் வாரண்டி என்று போட்டிருந்தார்களே" என்பதுதான். அட்டைப்பெட்டியைத் தேடுவோம், பில்லைத் தேடுவோம். அதற்குள் தெருவில் சாணைக்காரர் குரல் கேட்டால், பேசாமல் அவரிடமே கொடுத்துவிடலாமா என்று தோன்றும். சாணைக்கல் வாங்கி நீங்களே தீட்டுங்கள் என்று சொல்ல நாலு பேர் இருப்பார்கள். ஊர்ப்பக்கம் என்றால் கொல்லர் பட்டறையும் உண்டு. ஆனால் இந்த நான்கு வழிகளும் ஒரே சேதத்துக்கானவை அல்ல. கூரில் மட்டும் சேதம் என்றால் கல்லுக்குப் போங்கள், கத்தியின் உடம்பிலேயே சேதம் என்றால் நிறுவனத்துக்குப் போங்கள் என்பது என் கட்சி. இதை மாற்றிச் செய்தால் பணம் போகும், சில சமயம் கத்தியும் போகும்.

எந்த வழி என்று முடிவுசெய்யும் முன் உடைந்த இடத்தை நல்ல வெளிச்சத்தில், செல்போன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். கூரில் ஏதோ மினுங்குகிறது, ஆனால் துண்டு எதுவும் போகவில்லை, நகத்தைப் பக்கவாட்டில் வைத்துக் கூரை நோக்கி இழுத்தால் ஒரு பக்கம் மட்டும் தட்டுகிறது என்றால் கூர் பெயரவில்லை, மடங்கியிருக்கிறது. எஃகு கொஞ்சம் மென்மையாக உள்ள கத்திகளில் இது சகஜம். எஃகின் கடினத்தை ராக்வெல் என்ற அளவில் சொல்வார்கள், எண் கூடினால் கடினம் கூடும். விக்டோரினாக்ஸ் சமையல் கத்திகளில் அது 55-56. ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்து வூஸ்ட்ஹோஃப் கத்திகளில் அது 58. அடிபட்டால் இவை பெரும்பாலும் மடங்கும். இதற்கு வாரண்டியும் வேண்டாம், சாணையும் வேண்டாம். தீட்டும் கம்பியில் இரண்டு பக்கமும் மெதுவாக நாலைந்து தடவை இழுத்தால் கூர் நிமிர்ந்துவிடும்.

ஜப்பானில் செய்யும் விஜி-10 என்ற எஃகுக் கத்தியின் கடினம் 60, 61 வரை போகும். கூர் நெடுநாள் நிற்கும், ஆனால் எலும்பில் பட்டால் மடங்காமல் பிறை வடிவில் சில்லாகப் பெயரும். ஃப்ரீசரிலிருந்து எடுத்த கறி, தேங்காய் ஓடு, மீன் தலை எல்லாம் இதற்குக் காரணமாகும். நான் பார்த்தவரை இவற்றைவிடப் பெரிய காரணம் திருகுவது. பறங்கிக்காயில் கத்தியை இறக்குகிறோம், பாதியில் சிக்கிக்கொள்கிறது, உடனே இடமும் வலமுமாக அசைத்து எடுக்கிறோம். நேராக வரும் சுமையைத் தாங்குகிற மெல்லிய கூர், பக்கவாட்டுச் சுமையைத் தாங்காது.

மூன்றாவது வகைதான் உண்மையில் வாரண்டி பேசும் வகை: அலகில் விரிசல், பிடிக்குப் பக்கத்தில் முறிவு, பிடிக்குள் போகும் இரும்பு உள்ளேயே ஒடிந்தது, ஆணி கழன்றது. இங்கே முறிந்த முகத்தைப் பாருங்கள். முழுக்க ஒரே சாம்பல் நிறமாக, நுண்மணல் போல இருந்தால் எஃகு நல்லதுதான், தாங்க முடியாத சுமை வந்திருக்கிறது. சர்க்கரைக் கட்டியை உடைத்தது போலப் பெரிய பெரிய பளபளக்கும் மணிகள் தெரிந்தால், சூடேற்றிக் கடினப்படுத்தும் வேலையில் கோளாறு நடந்திருக்க வாய்ப்பு அதிகம். அளவுக்கு மீறிச் சூடேற்றினால் எஃகின் மணிகள் பெருத்து, அது எளிதில் நொறுங்கும். முறிந்த முகத்தில் ஒரு பகுதி மட்டும் கறுத்தோ துருப்பிடித்தோ இருந்தால், விரிசல் முன்பே அங்கே இருந்தது என்று அர்த்தம். இன்று அது முழுசாகப் பிரிந்திருக்கிறது, அவ்வளவுதான். நிறுவனத்துக்கு அனுப்ப இதைவிட நல்ல சாட்சி கிடையாது. அதனால் உடைந்த துண்டைத் தூக்கிப் போடாதீர்கள். பசை போட்டு ஒட்டியும் வைக்காதீர்கள்.

நிறுவனம் தருவது என்ன, நாம் எதிர்பார்ப்பது என்ன

சுவிட்சர்லாந்தின் இபாக்கில் 1884-இல் கார்ல் எல்சனர் தொடங்கிய பட்டறைதான் இன்றைய விக்டோரினாக்ஸ். தன் கத்திகளுக்கு அது வாழ்நாள் உத்தரவாதம் தருகிறது. பொருளிலோ செய்முறையிலோ உள்ள குறைக்கு மட்டுமே அது செல்லும். தேய்மானமும் தவறான பயன்பாடும் அதில் சேராது. அமெரிக்காவின் லெதர்மேன் தன் மடக்குக் கருவிகளுக்கு 25 ஆண்டு என்கிறது. அங்கேயே கத்தி செய்யும் பக் நிறுவனம் என்றென்றைக்கும் என்கிறது. கடையில் நிற்கும்போது 25-ஐவிட வாழ்நாள் பெரிதாகத் தெரியும். என்னைக் கேட்டால் ஆண்டுக் கணக்கை ஒப்பிடுவதில் பெரிய பயன் இல்லை. செய்முறைக் குறை பெரும்பாலும் முதல் சில மாதங்களிலேயே தலைகாட்டிவிடும். பத்து வருஷம் உழைத்த அலகு திடீரென்று பெயர்ந்தால் அதற்குக் காரணம் அன்றைக்கு நறுக்கிய பொருளாகத்தான் இருக்கும், அதை எந்த வாரண்டியும் ஏற்காது.

ஒப்பிட வேண்டியது வேறு இரண்டு விஷயங்களை. முதலாவது, தீட்டிக் கொடுப்பார்களா என்பது. அமெரிக்கக் கத்தி நிறுவனமான பெஞ்ச்மேட், தன் கத்திகளை அனுப்பினால் பிரித்துத் துடைத்து, எண்ணெயிட்டு, கூரும் போட்டுத் திருப்பி அனுப்புகிறது. அமெரிக்காவில் இருப்பவருக்கு இது பெரிய வசதி. சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ அனுப்புகிறவருக்குப் போக்குவரத்துச் செலவே ஒரு நல்ல சாணைக்கல்லின் விலையைத் தாண்டிவிடும். இரண்டாவது, இந்தியாவில் பொறுப்பேற்க ஒரு விநியோகஸ்தர் இருக்கிறாரா என்பது. இணையச் சந்தையில் யாரோ ஒரு விற்பனையாளரிடம் மலிவாகக் கிடைத்த அதே பிராண்டுக் கத்திக்கு, அங்கீகரிக்கப்பட்ட கடையில் வாங்கவில்லை என்று கைவிரிப்பார்கள். வாங்கும்போது மிச்சமாகும் சில நூறு ரூபாய்க்கு இந்த ஆபத்து தகாது.

அனுப்புவது என்று முடிவெடுத்தால் ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: அதுவரை அந்தக் கத்தியில் எந்தச் சாணையும் படக்கூடாது. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பிடியோரம் விரிசல் விட்ட கத்தியை, அனுப்புகிற முன்பு பளிச்சென்று இருக்கட்டும் என்று சக்கரத்தில் கொடுத்து எடுத்துவிட்டு அனுப்பினார்கள். அலகு வெளியாரால் மாற்றப்பட்டிருக்கிறது என்று ஒரே வரியில் திரும்பி வந்தது. விரிசல் உண்மையானது, ஆனாலும் நிறுவனம் மறுக்க ஒரு காரணம் கிடைத்துவிட்டது. அழுக்கை மட்டும் கழுவித் துடையுங்கள். முழுக் கத்தி, இரண்டு பக்கமும், உடைந்த இடம், அலகில் பொறித்த முத்திரை, பில் இவற்றைப் படமெடுத்து முதலில் மின்னஞ்சலில் அனுப்புங்கள். எதை நறுக்கும்போது உடைந்தது என்பதை உள்ளபடி எழுதுங்கள். அனுப்பச் சொன்ன பிறகு, அலகை மடித்த அட்டைக்குள் வைத்துச் சுற்றி டேப் ஒட்டி அனுப்புங்கள், பார்சலைப் பிரிப்பவர் கையும் பத்திரமாக இருக்க வேண்டும்.

இன்னொன்று. பல நிறுவனங்கள் பழுது பார்ப்பதைவிடப் புதிதாக ஒன்றைக் கொடுத்துவிடவே விரும்பும், பழையது திரும்பி வராது. அப்பா வைத்திருந்த கத்தி, பெயர் பொறித்த பரிசு என்றால் இதையே திருத்தித் தர முடியுமா, முடியாவிட்டால் அப்படியே திருப்பி அனுப்புவீர்களா என்று முன்பே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சில் பெயர்ந்த கூருக்குச் சக்கரமா, கல்லா

சில் பெயர்ந்த கூரைச் சரிசெய்வது என்றால், பள்ளத்தை நிரப்புவது இல்லை. மீதிக் கூர் முழுவதையும் பள்ளத்தின் அடிவரை தேய்த்து இறக்குவது. 2 மில்லிமீட்டர் பள்ளம் என்றால் கத்தியின் அகலத்தில் 2 மில்லிமீட்டர் போகும். சின்னச் சில்லுக்கு உடனே அவ்வளவும் தேய்க்கத் தேவையில்லை. அரை மில்லிமீட்டர் அளவு என்றால் அப்படியே விட்டு, வழக்கமாகத் தீட்டிவந்தால் சில தடவைகளில் தானே மறையும். புதுக் கத்தியில் முதல் வாரமே பொடிப்பொடியாகச் சில்லு விழுந்தாலும் உடனே வாரண்டிக்கு ஓடாதீர்கள். தொழிற்சாலையில் வேகமாக ஓடும் பட்டையில் கூர் போடும்போது ஓரத்தின் மெல்லிய இழை மட்டும் சூடுபட்டிருக்கலாம். இரண்டு முறை கல்லில் தீட்டினால் அந்த இழை போய், உள்ளே இருக்கும் நல்ல எஃகு வெளிவரும். அதற்குப் பிறகும் வெறும் காய்கறிக்கே பெயர்கிறது என்றால் அப்போது எழுதுங்கள், அந்த வழக்கு வலுவானது.

பெரிய சில் என்றால்தான் சக்கரமா கல்லா என்ற கேள்வி. தெருச் சாணையின் பலம் வேகமும் விலையும்: வாசலிலேயே சில நிமிஷத்தில், பெரும்பாலும் 100 ரூபாய்க்குள் முடிந்துவிடும். பலவீனம் சூடு. சமையல் கத்திக்கான கார்பன் எஃகைக் கடினப்படுத்திய பிறகு சுமார் 200 டிகிரி செல்சியஸில் வைத்துத்தான் பதம் ஏற்றுகிறார்கள், அதாவது கடினமும் இருக்க வேண்டும், நொறுங்கவும் கூடாது என்ற நிலைக்குக் கொண்டுவருகிறார்கள். மோட்டாரில் சுழலும் உலர்ந்த சக்கரத்தில் மெல்லிய கூரை அழுத்திப் பிடித்தால் அந்தச் சூட்டை ஒரு நொடியில் தாண்டிவிடும். 300 டிகிரி வாக்கில் எஃகில் நீலம் பாயும். நீலம் பாய்ந்த இடத்தில் பதம் போய் எஃகு மென்மையாகிவிட்டது. மேலே பாலிஷ் போட்டால் நிறம் மறையும், பதம் திரும்பாது. அன்று மாலை தாளையே கிழிக்கும் கத்தி அடுத்த வாரம் தக்காளித் தோலில் வழுக்குவது இதனால்தான்.

இதற்காகச் சாணைக்காரரை ஒதுக்கச் சொல்லவில்லை. சைக்கிளை நிறுத்தி மிதித்தே சக்கரம் சுற்றுகிற பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காலால் ஓடும் சக்கரம் மோட்டார் அளவு வேகம் போகாது, கை அழுத்தமும் அவர்களுக்குப் பழகியிருக்கும். "அண்ணே, அடிக்கடி தண்ணியில முக்கி எடுங்க, மெதுவாப் பிடிங்க" என்று சொன்னால் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், தொழில் தெரிந்தவர் அதைச் சொல்லாமலேயே செய்வார். அரிவாள்மனை, கத்தரிக்கோல், தேங்காய்க் கத்தி, ஸ்டீல் கடையில் வாங்கிய சாதாரணக் கத்தி எல்லாவற்றையும் தயங்காமல் கொடுங்கள். மெல்லிய ஜப்பானிய அலகை மட்டும் கொடுக்காதீர்கள்.

அதற்கு நீர்க்கல்தான், அதாவது தண்ணீர் விட்டுத் தீட்டும் கல். கல்லின் எண் குறைந்தால் அது முரடு, கூடினால் மென்மை. சில்லை எடுக்க 220 முதல் 400 எண் வரையுள்ள முரட்டுக் கல், பிறகு 1000, விருப்பமிருந்தால் 3000. முரட்டுக் கல்லில் கொஞ்ச நேரம் கை வலிக்கும், ஆனால் தண்ணீரோடு கையால் தேய்க்கும்போது பதம் போகும் அளவுக்குச் சூடேறாது. ஜப்பானியக் கத்தியைப் பக்கத்துக்கு 15 டிகிரி சாய்வில் பிடியுங்கள், தடித்த கத்தி என்றால் 20. ஒரு பக்கம் தேய்க்கத் தேய்க்க மறுபக்கம் கூர் முழுக்கப் பிசிர் தட்டும், தட்டியதும் திருப்பிப் பிடியுங்கள். கூர் மேலே ஏற ஏற அலகின் தடித்த பகுதிக்கு வந்துவிடுகிறோம் என்பதையும் மறக்க வேண்டாம். அதனால் பெரிய சில்லை எடுத்த பிறகு, கூருக்கு மேலே உள்ள தோள் பகுதியையும் தாழ்ந்த சாய்வில் கொஞ்சம் தேய்த்து மெலிதாக்க வேண்டும். இல்லாவிட்டால் கூர் இருந்தும் கேரட்டை நறுக்காமல் பிளக்கும். கூலிக்குத் தீட்டும் பலர் விட்டுவிடுகிற வேலை இதுதான், கல்லுக்கு என் ஓட்டு விழுவதற்குப் பாதிக் காரணமும் இதுதான்.

முனை ஒடிந்தால் வழி வேறு. பலரும் கூர்ப்பக்கத்தைத் தேய்த்து முனையை மேலே கொண்டுவரப் பார்ப்பார்கள். அப்படிச் செய்தால் கத்தியின் வளைவு கெட்டு, பலகையில் முன்பகுதி படியாது. முதுகுப் பக்கத்தைச் சரிவாகத் தேய்த்துக் கூரின் பக்கம் இறக்குங்கள். கூர் தொடப்படாமலே புது முனை வந்துவிடும்.

கொல்லர் பட்டறைக்கு வருவோம். லாரி ஸ்ப்ரிங் பட்டையில் அடித்த அரிவாள், வெட்டுக்கத்தி, திருப்பாச்சேத்திப் பக்கத்து அரிவாள் போன்றவற்றுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. வாய் பெரிதாகப் பெயர்ந்தாலும் காய்ச்சி, அடித்து நீட்டி, மறுபடி தோய்ச்சல் போட்டு (சூட்டோடு தண்ணீரிலோ எண்ணெயிலோ முக்கி) பதம் ஏற்றித் தருவார்கள். நிறுவனமோ சாணையோ செய்ய முடியாத ஒன்று இது: போன பதத்தைத் திரும்பக் கொடுப்பது. ஆனால் துருப்பிடிக்காத எஃகுக் கத்தியை அங்கே கொண்டுபோகாதீர்கள். அதற்கு 1000 டிகிரியை ஒட்டிய, துல்லியமான சூடு வேண்டும். கரி உலையில் கண்ணளவால் அது கைகூடுவது கடினம். பிடி மட்டும் கழன்றது என்றால் எந்தக் கத்தியானாலும் கொல்லரோ தச்சரோ புதுப்பிடி போட்டுவிடுவார், வாரண்டி முடிந்துபோன கத்திக்கு அதுவே போதும்.

பீங்கான் கத்தி பெயர்ந்தால் சாதாரணக் கல் வேலைக்கு ஆகாது, வைரத்தூள் பதித்த கல் வேண்டும். விலை குறைந்தது என்றால் புதிது வாங்குவதே மேல்.

கடைசியாக, உடைப்பு உண்மையிலேயே செய்முறைக் குறை, ஆனாலும் தவறான பயன்பாடு என்று சொல்லி மறுக்கிறார்கள் என்றால் அத்தோடு விட வேண்டாம். எதை வைத்து அந்த முடிவுக்கு வந்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் திருப்தியில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம். அதற்கும் அசையவில்லை என்றால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும். படங்கள், பில், மின்னஞ்சல்கள், உடைந்த துண்டு நான்கையும் அதுவரை ஒரே கவரில் போட்டு வையுங்கள்.