காட்டுக்குக் கத்தி: கார்பன் ஸ்டீலா, ஸ்டெயின்லெஸ்ஸா?

ஸ்வீடனின் மோரா கம்பானியன் கத்தி இரண்டு எஃகிலும் வருகிறது. இரண்டிலும் அலகின் நீளம் சுமார் 10 செ.மீ. நீளம் ஒன்றாகவே இருப்பதால் எஃகை ஒப்பிட வசதி.

கார்பன் ஸ்டீலைத் தீட்டுவது சுலபம். ஆனால் சென்னையின் உப்புக்காற்றில் அதுவே தொல்லை. ஈரத்தோடு தோல் உறையில் செருகி வைத்தால் மறுநாளே செம்புள்ளி விழும். தோல் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். வாழைக்காய் நறுக்கிய அரிவாள்மணை கறுப்பதுபோல் இதுவும் கறுக்கும். அந்தக் கறுப்பு துரு அல்ல, ஓரளவு காப்பு, சுரண்ட வேண்டாம். பயன்படுத்தியதும் கழுவி, நன்றாகத் துடைத்து, இரண்டு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் தடவுங்கள். சமையலுக்கும் அதே கத்தி என்றால் மருந்துக்கடை லிக்விட் பாரஃபின் போதும்.

ஸ்டெயின்லெஸ்ஸில் இவ்வளவு பாடில்லை. துருவே பிடிக்காது என்பதில்லை, தாமதமாகப் பிடிக்கும். தீட்டும்போது வெட்டும் விளிம்பில் பிசிறு, அதாவது மெல்லிய உலோகத் துணுக்கு, விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் பத்துத் தடவை பின்னோக்கி இழுத்தால் போய்விடும்.

கார்பனில்தான் தீப்பொறி வரும் என்பது பாதி உண்மை. சிக்கிமுக்கிக் கல்லுக்கு அது சரி. ஃபெரோ ராடுக்கு (சுரண்டினால் தீப்பொறி தரும் உலோகக் கம்பி) எந்த எஃகும் சரி, கத்தியின் முதுகு விளிம்பு கூராக 90 டிகிரியில் இருந்தால். கம்பானியனின் முதுகு அப்படி இல்லை, அரத்தால் ராவிக்கொள்ள வேண்டும்.

மாதம் ஒருமுறை ஜவ்வாது மலைப்பக்கம் போய், மீதி நாள் கத்தியை அலமாரியில் போடுகிறவருக்கு ஸ்டெயின்லெஸ்தான். கார்பன், தினமும் தொட்டுத் துடைக்கிறவருக்கு.